அரிசியை விட்டுக் கம்புக்கு மாறினாலும் சர்க்கரை நோய் ஆபத்து குறையாதாம்: நெல்லைக்காரர்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆற்றங்கரை (பாளையங்கோட்டை):
சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே செய்தியை வைத்து இரண்டு கட்சி. மாமா ஒருவர், "பார்த்தியா, அரிசி மேல் தப்பே இல்லை, கம்பு கேழ்வரகு எல்லாம் ஏமாத்து" என்று போடுகிறார். சித்தி, "நாளையிலிருந்து வீட்டில் சோறு கிடையாது" என்கிறார். இருவரும் பகிர்ந்த இணைப்பு ஒன்றுதான்.

விஷயம் இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் என்ற பெயரில் நாடு முழுக்க எடுத்த சர்க்கரை நோய்க் கணக்கெடுப்பு இருக்கிறதல்லவா, அதைச் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையம் முன்னின்று நடத்தியது. அதன் உணவுப் பகுதி 2025 செப்டம்பர் கடைசியில் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. நம் நாட்டில் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து, புரதம் 12 சதவீதம்தான். மாவுச்சத்தை மிக அதிகமாகச் சாப்பிடுகிறவர்களிடம், மிகக் குறைவாகச் சாப்பிடுகிறவர்களைவிட, புதிதாகச் சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு 30 சதவீதம் கூடுதல். மொத்த அளவைக் குறைக்காமல் வெள்ளை அரிசியின் இடத்தில் கோதுமையோ சிறுதானியமோ வைத்தால் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. ஆனால் 5 சதவீதக் கலோரியை மாவுச்சத்திலிருந்து எடுத்துப் பருப்பு, பால், முட்டை, மீன் பக்கம் திருப்பினால் குறைகிறது. ஆட்டுக்கறிக்கு அந்தப் பலன் இல்லை.

மாமா சொல்வதும் இதில் இல்லை, சித்தி சொல்வதும் இதில் இல்லை. நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள்?

பிசானம் (சேரன்மகாதேவி):
அண்ணாச்சி, இந்த மாதிரி ஆய்வு என்றாலே எனக்கு எரிச்சல்தான் வருகிறது. முட்டை மஞ்சள் கருவைத் தொடாதே என்று இத்தனை வருஷம் பயமுறுத்தினார்கள். கடைசியில் 2015-இல் அமெரிக்காக்காரனே தன் உணவு வழிகாட்டியிலிருந்து ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் என்ற வரம்பை எடுத்துவிட்டான். இப்போது அரிசி மாட்டிக்கொண்டது. தாமிரபரணித் தண்ணீரில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைகிற ஊர் இது. என் தாத்தா காலையில் பழையது, மதியம் சோறு, ராத்திரியும் சோறு. கடைசிவரை வரப்பில் நடந்தார், சர்க்கரை என்ற பேச்சே இல்லை. நோய் வெள்ளை வெளேரென்று தீட்டுகிற மில்லில் இருக்கிறது, நாற்காலியில் இருக்கிறது. அரிசி என்ன செய்தது?

சொதிப்பிரியன்:
மறுவீட்டு விருந்தின் தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாட்டில் கை வைக்காத வரைக்கும் எந்த ஆய்வும் எனக்குச் சம்மதம்.

இரவுப்பணி:
நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். பிசானம் அண்ணாச்சி, உங்கள் தாத்தா காலத்தில் யார் விரலைக் குத்திப் பார்த்தார்கள்? கால் புண் ஆறாமல், கண் மங்கி, "வயசாகிவிட்டது" என்று போய்ச் சேர்ந்தவர்களை யாரும் கணக்கில் எழுதவில்லை. இதே குழு 2023 ஜூனில் லான்செட் இதழ் ஒன்றில் போட்ட கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில். தமிழ்நாட்டில் 14.4 சதவீதம்.

நாற்காலி பற்றிச் சொன்னீர்களே, அது சரி. ஆனால் வயலில் என்ன நடக்கிறது? உழவுக்கு டிராக்டர், நடவுக்கு மிஷின், அறுப்புக்கு மிஷின். சோறு மட்டும் தாத்தா சாப்பிட்ட அதே கும்பா. எங்களிடம் மாத்திரை வாங்க வருகிறவர்களில் விவசாயிகளும் இருக்கிறார்கள். "சீனியை விட்டுவிட்டேன் சிஸ்டர்" என்பார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், தட்டில் குழி பறித்துக் குழம்பு ஊற்றிய சோறு, அப்புறம் ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கும் அப்பளமும். பருப்பு என்றால் சாம்பாரின் அடியில் கிடந்ததுதான்.

கம்பங்காடு (மானூர் பக்கம்):
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சிறுதானியக் கடை இருக்கிறது. அதனால் நான் பேசக் கூடாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2021-இல் ஹைதராபாத் இக்ரிசாட் என்ற வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில் 80 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. சிறுதானியம் சாப்பிட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 12 சதவீதமும், சாப்பிட்ட பிறகு பார்க்கும் சர்க்கரை 15 சதவீதமும் குறைந்தன. 2023-ஐ ஐ.நா. சபையே சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இந்த ஒரு சர்வே வந்ததும் அதெல்லாம் பொய்யாகிவிடுமா? இந்த மானாவாரிக் காட்டில் கம்பும் சோளமும் தின்று உழைத்த சனம் எங்கள் சனம். நெல்லுச்சோறு இங்கே தீபாவளிக்குத்தான். ஆற்றுப் பாசனக்காரர்களுக்கு அது தெரியாது.

பிசானம்:
ஓய், கடைக்காரரே, கம்பு விலையும் உம்ம கடைப் பாக்கெட் விலையும் எங்களுக்குத் தெரியும். கம்பு நூடுல்ஸ், கேழ்வரகு பிஸ்கட், தினை லட்டு என்று போட்டு விற்பதுதான் சிறுதானியப் புரட்சியா?

கம்பங்காடு:
நான் விற்பது தானியமும் மாவும் மட்டும். பிஸ்கட் விற்கிறவரைப் பார்த்துக் கேளும்.

கணக்குவாத்தியார் (அம்பாசமுத்திரம்):
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். 2021 கட்டுரையும் 2025 கட்டுரையும் மோதிக்கொள்ளவில்லை, கேட்ட கேள்வியே வேறு. முதலாவது, இன்னின்ன உணவைக் கொடுத்து ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்த ஆய்வுகளின் தொகுப்பு. இரண்டாவது, ஊரெல்லாம் போய் "நீங்கள் வழக்கமாக என்ன சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்டு, அதே சமயத்தில் ரத்தமும் எடுத்துப் பார்த்தது. மொத்த சர்வே 1,21,077 பேர், உணவு விவரம் எடுத்தது 18,090 பேரிடம்.

சர்வேயை நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரிசிக்குப் பதில் சிறுதானியம் வைத்தால் என்ன ஆகும் என்று அவர்கள் சொன்னது கணக்கில் மாற்றிப் பார்த்தது. யாரையும் உட்கார வைத்து ஆறு மாதம் கம்பு போட்டுப் பார்க்கவில்லை. ஒரே வேளையில் எடுத்த தகவலில் எது காரணம், எது விளைவு என்று அடித்துச் சொல்ல முடியாது. அவர்களும் அப்படிச் சொல்லவில்லை, தலைப்பு போட்டவர்கள்தான் சொன்னார்கள். நோய் இருப்பது தெரிந்தவர் ஏற்கெனவே சாப்பாட்டை மாற்றியிருப்பார் என்பதால், புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அது நல்ல ஜாக்கிரதை.

இப்போது கம்பங்காடு தம்பிக்கு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையைப் பாருங்கள். 100 கிராமில் மாவுச்சத்து தீட்டிய அரிசியில் 78, கேழ்வரகில் 67, கம்பில் 62. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது போல் இல்லை. நார்ச்சத்துதான் பெரிய வித்தியாசம்: அரிசியில் 3 கிராம்கூட இல்லை, மற்ற இரண்டிலும் 11. ஒரு கும்பா சோற்றுக்குப் பதில் கம்மங்கஞ்சியும் கேழ்வரகு ரொட்டியுமாக ஒன்றரை மடங்கு சாப்பிட்டால் அந்த 62-உம் 67-உம் எங்கே போகும்? "நல்லதுதானே" என்று கூடுதலாகப் போட்டுக்கொள்கிறவர்களை நான் என் வீட்டிலேயே பார்க்கிறேன்.

கம்பங்காடு:
சார், நார்ச்சத்து 3-க்கும் 11-க்கும் உள்ள வித்தியாசத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். அதுதான் முழு விஷயமே. சர்க்கரை மெதுவாக ஏறுவதும் பசி தாங்குவதும் அதனால்தான். கணக்கில் மாற்றிப் பார்த்ததை வைத்து என் கடையை மூடச் சொல்லாதீர்கள்.

இரவுப்பணி:
யாரும் மூடச் சொல்லவில்லை. மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் அந்த மெதுவும் குறைந்துவிடும், அதையும் வாங்குகிறவர்களிடம் சொல்லுங்கள்.

ஊர்ச்சமையல் (திசையன்விளை):
ஆம்பிளைகள் எல்லாம் அரிசியா கம்பா என்று சண்டை போடுகிறீர்கள். பருப்பு, பால், முட்டை, மீன் என்று ஆய்வு சொன்னதை ஒருத்தரும் தொடவில்லை. நம் ஊரில் உளுந்தஞ்சோறு என்று ஒன்று இருப்பது மறந்துபோயிற்றா? தொலி உளுந்தை வாசம் வரும்வரை வறுத்து, அரிசி, பூண்டு, கொஞ்சம் வெந்தயம், தேங்காய்த் துருவல் எல்லாம் போட்டு ஒரே பாத்திரத்தில் பொங்கி இறக்கினால், எள்ளுத் துவையல் போதும். வாரம் ஒரு நாள் என்று இருந்ததை மூன்று நாள் ஆக்குங்கள். வடக்கத்திக்காரர்கள் மாதிரி பனீர் தேட வேண்டாம். சீனிக்குப் பதில் நம் பக்கத்துக் கருப்பட்டி இருக்கிறது.

கணக்குவாத்தியார்:
அம்மா, உங்கள் உளுந்தஞ்சோற்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 கிராம் அரிசிக்கு 50 கிராம் உளுந்து என்று வைத்தால், தேங்காயும் எள்ளும் சேர்க்காமல், கலோரியில் புரதத்தின் பங்கு 15 சதவீதம் வருகிறது. வெறும் சோற்றில் அது 9 சதவீதம். ஆய்வு சொன்ன 5 சதவீதம் கிட்டத்தட்ட அதிலேயே நடந்துவிடுகிறது. ஆனால் மாவுச்சத்து அப்போதும் முக்கால் பங்குக்கு மேல். அதனால் உளுந்தைக் கூட்டும்போது அரிசியைக் குறைக்க வேண்டும். சரிக்குச் சரி போட்டால் நன்றாக இருக்குமா?

ஊர்ச்சமையல்:
குழையும். தண்ணீரைக் குறைத்து வைத்தால் சரியாக வரும். பிள்ளைகள் முதலில் முகம் சுளிக்கும், துவையலில் காரம் தூக்கலாக இருந்தால் சாப்பிட்டுவிடும்.

இரவுப்பணி:
அக்கா, உளுந்துக்குக் கும்பிடு. கருப்பட்டிக்கு மட்டும் மாட்டேன். அதிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், சீனியில் இருப்பதும் அதுதான். "சீனி போடுவதே இல்லை" என்று சொல்லிவிட்டு ஒரு நாளைக்கு நாலு தடவை கருப்பட்டிக் காப்பி குடித்து வருகிறவர்களுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று விளக்கி விளக்கி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

ஊர்ச்சமையல்:
சீனியும் கருப்பட்டியும் ஒன்று என்று பனையேறிகள் ஊரில் வந்து சொல்லிப் பாருங்கள். இரும்புச்சத்து கிடக்கிறது, ஆலையில் வெளுப்பதில்லை. நோய் வந்தவர்கள் குறைக்கட்டும், நல்லா இருக்கிறவர்களை ஏன் பயமுறுத்த வேண்டும்?

வழிப்போக்கன்:
அவசரமாக ஒரு கேள்வி. அப்பா இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டார். ரெண்டு தோசை இருந்த இடத்தில் இப்போது வெறும் மோர். சர்க்கரைக்கான கிளிமிபிரைடு மாத்திரை எப்போதும்போலப் போடுகிறார். சரிதானே?

இரவுப்பணி:
சரியில்லை. இன்றைக்கே மாத்திரை எழுதிய டாக்டரிடம் பேசுங்கள். அந்த வகை மாத்திரையும் இன்சுலினும் சாப்பாட்டின் அளவை நம்பிக் கொடுக்கப்படுபவை. சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போகலாம். வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சு குழறல் வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா என்றும் கேளுங்கள், இருந்தால் பருப்பு முட்டையைக் கூட்டுவதும் டாக்டர் சொன்ன பிறகுதான்.

ஆற்றங்கரை:
வழிப்போக்கன் தம்பி, டாக்டரிடம் பேசியதும் இங்கே ஒரு வரி போடுங்கள்.

பிசானம்:
எல்லாரும் புரதம் புரதம் என்கிறீர்கள். காசு யார் கொடுப்பது? 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். துவரம்பருப்பு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய். கூலி வேலை பார்க்கிற வீட்டில் தட்டு நிறையச் சோறு இருப்பது ருசியாலா? மிச்சமெல்லாம் விலை. ஆய்வு எழுதியவர்கள் அந்த 62 சதவீதத்தைப் பாளையங்கோட்டை ரேஷன் கடை வாசலில் நின்று பார்த்தால் தெரியும். அப்புறம் எங்களையும் பாருங்கள். நெல்லைக் கொண்டுபோனால் கொள்முதல் நிலையத்தில் என்ன விலை என்று தெரியும். உளுந்து போட்டால் எங்கள் பக்கம் பெரும்பாலும் வியாபாரி வாயில் வந்ததுதான் விலை. சோற்றைக் குறை என்று நாட்டுக்கே சொல்லிவிட்டு, உளுந்தை யார் எடுப்பார்கள்?

கணக்குவாத்தியார்:
இதுவரை இந்த இழையில் வந்ததில் இதுதான் சரியான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

கம்பங்காடு:
அண்ணாச்சி, பிசானம் அறுத்ததும் தரிசில் உளுந்து போட்டால் சொல்லுங்கள். தொலியோடு உடைத்து விற்க எனக்கு ஆள் இருக்கிறது, நான் எடுத்துக்கொள்கிறேன். விலையை நேரில் பேசிக்கொள்வோம்.

பிசானம்:
நேரில் எதற்கு? இங்கேயே எழுதும் வே, நாலு பேர் பார்க்கட்டும்.