கூத்தில் அணியும் முடிக்கு (கிரீடத்துக்கு) தில்லை மரக் கட்டை உதவுமா?

கேள்வி:
எங்கள் ஊரில் வடமோடி என்ற மரபில் ஆடும் கூத்தொன்றுக்குச் சதங்கை அணியும் சடங்கு முடிந்து, அரங்கேற்றத்துக்கு நாள் நெருங்குகிறது. சென்ற முறை பலாக்கட்டையில் குடைந்த முடியை விடியும்வரை சுமந்து ஆடியவரின் நெற்றியில் தழும்பே விழுந்துவிட்டது. மட்டக்களப்பு வாவிக்கரைச் சதுப்பில் நிற்கும் தில்லை பாரமில்லாதது என்கிறார்கள். அதன் பாலுக்கு அஞ்சத்தான் வேண்டுமா?

மறுமொழி 1:
அஞ்சத்தான் வேண்டும், தம்பி. என் தகப்பனார் வலை மிதப்புக்குத் தில்லைக் கட்டையே சீவுவார். வெண்மையான அந்தக் கட்டையில் உளி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். ஆனால் ஒருமுறை கோடரி பட்ட பச்சை மரத்திலிருந்து தெறித்த பால் அவர் கண்ணில் விழ, இரண்டு நாள் இமை திறக்க முடியாமல் கிடந்தார். பால் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவி வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். சீவிய தூளை அடுப்பில் போட்டுவிடாதீர்கள், புகையும் கண்ணைத் தாக்கும்.

மறுமொழி 2:
தில்லைக்குப் பதிலாக வேறொரு மரம் சொல்கிறேன். இலங்கையின் தெற்கே அம்பலாங்கொடையில் முகமூடி செதுக்குவோர் சதுப்பிலும் வயலோரத்திலும் வளரும் கதுரு மரத்தைத்தான் எடுக்கிறார்கள். வெட்டிய கட்டையை ஏறத்தாழ ஒரு வாரம் அடுப்புக்கு மேலே புகையில் வைத்து உலர்த்திய பிறகே உளி படுகிறது. அது எட்டி மரம் என்று பலர் எழுதுவதை நம்ப வேண்டாம். சிங்களத்தில் ‘கொட கதுரு’ எனப்படும் எட்டி, பெயரே சொல்வதுபோல் மேட்டுநிலத்து மரம். அதன் கட்டையோ கடினமானது. சதுப்புக் கதுரு அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் விதை இதயத்தை நிறுத்தக்கூடிய நஞ்சு என்பதால் காய்களைப் பிள்ளைகள் கைக்கு எட்டவிடாதீர்கள்.

மறுமொழி 3:
தில்லை, உவர்நீர்ச் சதுப்பில் வளரும் கண்டல் காட்டு மரம் என்பதை இருவரும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். இலங்கை முழுவதும் கண்டல்களைக் காக்கும் திட்டம் 2015இல் தொடங்கப்பட்டது. நிற்கும் மரத்தில் கைவைப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். வங்காளதேசத்தில் இதே மரத்தைக் குல்னா ஆலை பத்திரிகைத் தாளாக்கியது, 2002இல் அந்த ஆலை மூடப்பட்டது. ஒரு முடிக்கு அவ்வளவு மரமா வேண்டும்? காற்றில் சாய்ந்த அடிமரம் ஒன்றே போதும்.

கேட்டவர்:
நன்றி, ஐயாமாரே. கூத்தைப் பழக்கும் எங்கள் அண்ணாவியாரிடம் காட்டினேன்; முடியைக் கதுருவிலும் தோளில் அணியும் புயக்கட்டையைப் பழைய பலாவிலும் செய்யச் சொல்லிவிட்டார். கதுருக் கட்டையைத் தெற்கிலிருந்து தருவிக்க வேண்டும், அம்பாறைப் பக்கம் கிடைத்தால் எழுதுங்கள்.