பதிவு பெற்ற நிறுவனம் என்றால் என்.வி.கியூ. சான்றிதழ் கிடைக்குமா?

வாவிக்கரை (களுவாஞ்சிகுடி):
வணக்கம். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கும் என் தம்பி, குளிரூட்டல் மற்றும் வளிச்சீராக்கல் படிக்க விரும்புகிறான். மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் விசாரித்தபோது, மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருப்பதாகச் சொல்லி, சட்டமிட்டு மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார்கள். ஆனால் முடிவில் என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்றகைமையின் நான்காம் மட்டம் கிடைக்குமா என்று கேட்டால், "எங்கள் சான்றிதழே வெளிநாட்டிலும் செல்லும்" என்கிறார்களே தவிர நேரான பதில் இல்லை. பதிவும் அங்கீகாரமும் ஒன்றுதானா? அம்மா நகையை அடகு வைத்துத்தான் கட்டணம் கட்டப்போகிறார் என்பதால் கேட்கிறேன்.

பழைய போதனாசிரியர் (சம்மாந்துறை):
இரண்டும் ஒன்றல்ல தம்பி. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அந்த ஆணைக்குழுவில் பதிவு பெறுவது நிறுவனம்; அங்கீகாரம் பெறுவதோ ஒவ்வொரு பாடநெறியும், அதுவும் குறித்த மட்டத்துக்கு மட்டும். கணினிப் பாடநெறிக்கு அங்கீகாரம் பெற்ற நிறுவனம், அதை வைத்து வளிச்சீராக்கலுக்கு என்.வி.கியூ. தர முடியாது. அங்கீகாரத்துக்காகப் பாடத்திட்டம் தேசிய தேர்ச்சி நியமத்தோடு (அந்தத் தொழிலில் என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்ற வரையறை) பொருந்துகிறதா, போதனாசிரியரின் தகைமை என்ன, உபகரணங்கள் போதுமா, தர முகாமைத்துவ முறைமை ஒன்று நடைமுறையில் உள்ளதா என்றெல்லாம் பார்க்கிறார்கள்.

2004 முதல் நடைமுறையில் உள்ள இந்த என்.வி.கியூ. தகைமைச் சட்டகத்தில் ஏழு மட்டங்கள் உள்ளன; நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவரே புள்ளி போட்டு முடிப்பதில்லை என்பதுதான் இதன் உயிர்நாடி என்பேன். ஆணைக்குழுவில் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் வந்து, வேலையைச் செய்ய வைத்துப் பார்த்து, தேர்ச்சி பெற்றாரா, இன்னும் பெறவில்லையா என்று தீர்மானிக்கிறார். ஆகவே எந்தப் பாடநெறி, எந்த மட்டம், எந்தத் திகதி வரை என்ற மூன்றும் உள்ள அங்கீகாரக் கடிதத்தைக் கேளுங்கள். ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கல்லடியான்:
போதனாசிரியர் ஐயா திகதியைச் சொன்னதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நான் இதே தொழிலை வேறொரு இடத்தில் படித்தேன். அங்கீகாரம் இருந்தது உண்மை, ஆனால் நாங்கள் சேர்வதற்கு முன்பே அது காலாவதியாகியிருந்ததைக் கடைசி மாதத்தில்தான் அறிந்தோம். வகுப்பில் இருபத்திரண்டு பேருக்கு ஒரே ஒரு வெற்றிடப் பம்பி. அதன் குழாயில் வெடிப்பு விழுந்து, துணி சுற்றி வைத்திருந்தார்கள். செப்புக் குழாயின் வாயை விரிக்கும் கருவியை நான் கையில் எடுத்தது மொத்தமாக இரண்டு தடவைதான். பட்டறையைப் பார்க்காமல் பணம் கட்டிவிட்டோமே என்ற கவலை இன்னும் எனக்குத் தீரவில்லை.

பிறகு கல்முனையில் ஒரு திருத்தகத்தில் வேலை செய்துகொண்டே, முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியில், அதாவது வேலையில் கற்ற திறமையை மதிப்பிட்டு என்.வி.கியூ. தரும் முறையில், விண்ணப்பித்தேன். மதிப்பீட்டாளர் முதலில் நான் செய்த வேலைகளுக்கான சான்றுகளைக் கேட்டார். பின்னர் குழாயை வெட்டி, விரித்து, இணைத்து, நைதரசன் ஏற்றி, சவர்க்கார நுரை தடவிக் கசிவைத் தேடச் சொன்னார். ஓர் இணைப்பில் குமிழி எழும்பியது. ஏன் எழும்பியது என்று விளக்கி, திரும்பச் செய்து காட்டினேன். மூன்றாம் மட்டம் கிடைத்தது. தம்பி இந்த வழியிலும் வரலாம், ஆனால் ஆண்டுகள் போகும்.

பழைய போதனாசிரியர்:
பணம் கட்டுவதற்கு முன் வகுப்பு நடக்கும் நேரத்தில் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். மதிய வேளையில் கருவிகள் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தால் அதுவே போதிய பதில். தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் இதே பாடநெறி உண்டா, அடுத்த அனுமதி எப்போது என்பதையும் விசாரியுங்கள்.

வாவிக்கரை:
இன்று காலை அம்மாவும் நானும் போய்க் கடிதத்தைக் கேட்டோம். நிறுவனத்தின் பதிவு நடைமுறையில் உள்ளது. அங்கீகாரக் கடிதம் கணினிப் பாடநெறிக்கு மட்டுமே, அதுவும் மூன்றாம் மட்டத்துக்கு. அம்மா நகையைத் திரும்ப அலுமாரியில் வைத்துவிட்டார். திங்கட்கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகிறோம்.