ஒன்பதாவது விமானம்

திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் இந்திய விமானப்படையின் வான்சாகச அணியான சூரியகிரண் பறக்கப்போகிறது என்ற செய்தியை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை விமானம் என்று போட்டிருக்கிறார்கள், மக்களே?" என்பதுதான். ஒன்பது என்றேன். அன்று மாலையே வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டார்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. விமானம் ஏறவும் வழியனுப்பவும் வேடிக்கை பார்க்கவும் நமக்கு என்றுமே திருவனந்தபுரம்தான். குழித்துறையில் ரயில் ஏறினோம். மாமா விமானப்படையில் விமானங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சில ஆண்டுகள் கர்நாடகத்தில் பீதர் தளத்தில் வேலை பார்த்தார். 1996இல் சூரியகிரண் அணி தொடங்கியது அங்கேதான். அப்போது அவர்களிடம் இருந்தவை கிரண் மார்க் 2 விமானங்கள், ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (ஹெச்.ஏ.எல்.) நிறுவனம் நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டியவை. அதற்கும் முன்னால், 1982இல், விமானப்படையின் பொன்விழாவுக்காக ஹன்டர் விமானங்களைக் கொண்டு 'தண்டர்போல்ட்ஸ்' என்ற அணியை அமைத்தார்கள். அதைப் பார்த்த வயதில்தான் படையில் சேர ஆசை வந்தது என்று மாமா ரயிலில் சொன்னார். இத்தனை வருடம் பழகியும் இதை நான் கேட்டதே இல்லை.

கடற்கரையில் நிற்க இடமில்லை. கப்பலண்டி என்கிற வேர்க்கடலைப் பொட்டலம் இரண்டு வாங்கிக்கொண்டு ஒரு சுவரோரம் உட்கார்ந்தோம். சத்தம் காதில் விழுவதற்கு முன்பே சிவப்பும் வெள்ளையுமாக ஒன்பது ஹாக் விமானங்கள் கடல் பக்கமிருந்து வந்துவிட்டன. ஒரே துணியிலிருந்து வெட்டி எடுத்ததுபோல, ஒன்று சாய்ந்தால் ஒன்பதும் சாய்ந்தன. எனக்குத் தேரூர் குளத்தில் அந்தி நேரத்தில் இறங்கும் பறவைக் கூட்டம் நினைவுக்கு வந்தது. மாமாவிடம் சொன்னேன். "பறவைக்கு அது பிறவியிலேயே வரும். இவர்கள் தினமும் பழகிப் பழகி வரவழைத்தது" என்றார்.

பிறகு அவர் விளக்கியதை நான் மறக்கவே மாட்டேன். பக்கத்தில் பறப்பவர்கள் கடலையோ கரையையோ பார்ப்பதில்லையாம். தலைமை விமானத்தின் உடலில் குறிப்பிட்ட இரண்டு இடங்களை ஒரே நேர்கோட்டில் வைத்துக்கொண்டு, அந்தக் கோடு விலகாதபடி கையை அசைத்துக்கொண்டே இருப்பார்கள். தலைவர் மேலே போனால் அவர்களும் மேலே, தலைகீழானால் அவர்களும் தலைகீழ். இறக்கைக்கும் இறக்கைக்கும் இடையே சில மீட்டர் இடைவெளிதான். அவ்வளவு நம்பிக்கையை ஒரு மனிதர்மேல் வைத்துப் பறப்பதை நினைத்தபோது, கைதட்டிக்கொண்டிருந்த நான் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டேன். வானில் நீளும் புகை, எஞ்சினிலிருந்து வெளிவரும் சூடான காற்றில் டீசலைப் பீய்ச்சுவதால் வருவது; நிறம் வேண்டுமானால் சாயம் கலப்பார்கள். அந்தத் தொட்டியை நிரப்புவதிலிருந்து ஒவ்வொரு திருகையும் சரிபார்ப்பதுவரை எல்லாம் தரையில் நிற்பவர்களின் வேலை. கைதட்டலில் பாதி அவர்களுக்குச் சேரவேண்டியது என்பது என் உறுதியான எண்ணம்.

2011இல் அணியை நிறுத்திவிட்டார்கள். தீபக் என்ற தொடக்கநிலைப் பயிற்சி விமானத்தை 2009இல் பறக்கவிடாமல் ஒதுக்கியதால், புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கக் கிரண்கள் தேவைப்பட்டன. அணிக்காரர்களுக்கு அது பெரிய இழப்பு. ஆனாலும் மாமா அந்த முடிவைச் சரி என்றுதான் சொல்கிறார். 2015இல் ஹாக் விமானங்களோடு சிறிய அணியாக மறுபடி தொடங்கி, ஒன்பதுக்கு வளர்ந்தார்கள். இங்கிலாந்தின் ரெட் ஏரோஸ் அணி பறப்பதும் ஹாக்கில்தான். அதற்கு முன் அவர்கள் வைத்திருந்த நேட், 1965 போரில் நம் விமானிகள் ஓட்டிய நேட் போர் விமானத்தின் பயிற்சி வடிவம்.

நிகழ்ச்சி முடிந்ததும் கூட்டம் கலையத் தொடங்கியது. நானும் எழுந்தேன். மாமா எழவில்லை. ஓடுபாதை கடற்கரையை ஒட்டியே இருப்பதால், இறங்க வரும் விமானங்கள் மணலுக்கு மேலே தாழ்ந்து போவது தெரிந்தது. அவர் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.

2006 மார்ச்சில் பீதர் அருகே பயிற்சியில் ஒரு கிரண் விழுந்து இரண்டு விமானிகள் இறந்தார்கள். 2019 பிப்ரவரியில், பெங்களூர் எலகங்காவில் விமானக் கண்காட்சிக்கு முந்தைய நாள் ஒத்திகையில் இரண்டு ஹாக்குகள் மோதிக்கொண்டதில் விங் கமாண்டர் சாகில் காந்தி உயிரிழந்தார். முதல் விபத்து நடந்த நாளில் மாமா பீதரில் இருந்தார். அந்த நாளைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

"ஏழு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எட்டு". அடுத்தது வரச் சற்றுத் தாமதமானது. அவரோடு சேர்ந்து நானும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது விமானம் எங்கள் தலைக்கு மேலே கடந்து மதிலுக்கு அப்பால் இறங்கிய பிறகுதான், மாமா மடியில் அதுவரை பிரிக்காமலே வைத்திருந்த பொட்டலத்தை எடுத்தார்.

"நடப்போம் மக்களே, ரயிலுக்கு நேரமாகிறது."