12 மணி நேர நர்ஸ் ஷிப்ட்: தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். தங்கச்சிக்குப் பினாங்குத் தீவில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. வீடு கடலுக்கு இந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில். ரோஸ்டரில் (வேலை அட்டவணையில்) காலை 7 முதல் இரவு 7 வரை. நைட் என்றால் அப்படியே தலைகீழ். அரசாங்க மருத்துவமனையில் இருக்கும் அவள் தோழிகளுக்கோ காலை, மதியம், இரவு என்று மூன்று ஷிப்ட்.

2023 முதல் மலேசிய வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தானே? நான்கு நாள் போனாலே 48 வருகிறது. சாப்பாட்டு நேரத்தைக் கழித்துத்தான் கணக்குப் போடுகிறார்களா? தொடர்ந்து நைட் போட்டால் அப்புறம் எத்தனை நாள் ஓய்வு கிடைக்கும்?

அம்மாவுக்குப் பயமெல்லாம் தீவிலிருந்து வீட்டுக்கு வரும் பாலம்தான். விடிய விடிய நின்றுவிட்டு, கண் சொக்க, லாரிகளுக்கு நடுவில் மோட்டாரில் வரணும். அனுபவமுள்ள அக்காமார் கொஞ்சம் சொல்லுங்கள். தீவுப் பக்கம் பெண்களுக்கு வாடகை அறை இருந்தாலும் சரி.