புதுப்பிப்பு: சின்ன லாட்ஜில் ராத்திரி பைக்கை நிறுத்துவது

நீலகிரிக்குப் பைக்கில் போய்ச் சின்ன லாட்ஜில் தங்கினால் ராத்திரி வண்டி பத்திரமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 'ஆப்பில் பதியாதீங்க, நேரா போன் போட்டு காம்பவுண்டுக்குள்ள இடம் இருக்கான்னு கேளுங்க' என்ற யோசனைதான் கைகொடுத்தது. மூன்றாவது போனில் கோத்தகிரியில் அறை அமைந்தது. லாட்ஜ்கார அண்ணன் எங்கள் இரண்டு புல்லட்டையும் தாழ்வாரத்திலேயே ஏற்றச் சொன்னார். ஸ்டாண்டு வழுக்காமல் இருக்க அடியில் ஈரச்சாக்கை மடித்து வைத்தார், அந்த அக்கறையை மறக்க முடியாது.

எதிர்பாராதது இ-பாஸ், அதாவது மலைக்கு வண்டியில் போக ஆன்லைனில் எடுக்கும் அனுமதி. கோத்தகிரி போகும் வழியில் குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் பைக்குக்கும் கேட்டார்கள். 2024 மே 7 முதல் ஊட்டி, கோத்தகிரி இருக்கும் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது இருக்கிறது. கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். அப்புறம், காலையில் சீட்டெல்லாம் பனி. துடைக்க ஒரு பழைய துணி அவசியம்.