ஆபரேஷனுக்குப் பிறகு கினி பிக் புல் தின்னவே இல்லை: கோவையில் நாளை பார்க்கும் டாக்டர் யார்?

எங்கள் மின்னி நாலு வயதுப் பெண் கினி பிக். வியாழக்கிழமை கருப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் நடந்தது. கினி பிக்கால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் முன்னாடி பட்டினி போடவில்லை, கிளம்பும்வரை டிமோதி புல் மென்றுகொண்டுதான் இருந்தாள். ஆபரேஷனுக்கு முன் 980 கிராம், இன்று காலை 890.

தையல் சுத்தமாக இருக்கிறது, சிவப்போ சீழோ இல்லை. ஆனால் முடியைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் குன்றி உட்கார்ந்திருக்கிறாள். புல்லின் நுனியை வாயில் வாங்குகிறாள், இரண்டு தடவை மென்றுவிட்டு அப்படியே கீழே விட்டுவிடுகிறாள். புழுக்கை சிறுத்து, காய்ந்து, நேற்றைவிடக் குறைவாக வருகிறது. வயிறு உப்பவில்லை.

டாக்டர் கொடுத்த வலி மருந்து மெலாக்சிகாம் நேரம் தவறாமல் போகிறது. பெல்லட் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் குழைத்து, ஊசியில்லா சிரிஞ்சால் வாயின் ஓரமாக ஊட்டுகிறோம். ராத்திரியும் எழுந்து கொடுக்கிறோம். ஒரு வேளைக்கு 5 மில்லி இறங்கினாலே பெரிது, மீதி தாடையில் வழிகிறது. வைட்டமின் சி-க்குக் குடைமிளகாய் வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள், கொத்தமல்லி மட்டும் ஒரு இலை. மரத்தூளை எடுத்துவிட்டுத் துண்டு விரித்திருக்கிறோம்.

ஆபரேஷன் செய்த டாக்டர் திங்கட்கிழமைதான் ஊர் திரும்புவார். இவ்வளவு சின்ன உயிருக்குக் குடல் ஓட்டம் நின்றுவிட்டால் அதுவரை தாங்காது. போனில் கேட்ட மற்ற கிளினிக்குகள் நாய், பூனை மட்டும்தான் என்கிறார்கள். வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போகலாம் என்றால், இந்த நிலையில் சென்னைவரை பயணம் அவளுக்கு ஆகாது.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் நாளை ஞாயிற்றுக்கிழமை கினி பிக் பார்க்கும் டாக்டர் யாராவது தெரியுமா?