குமரிக் கடலில் எண்ணெய்க் கிணறு: தேரூர்ப் பறவைக்கு என்ன கேடு?

தேரூர்க்காரன்:
குமரிக்கு அப்பால் ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு தேட மூன்று பகுதிகளை ஒன்றிய அரசு தன் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசிக்குக் கொடுத்திருக்கிறது. மீனவர்கள் எதிர்க்கிறார்கள், நல்லது. பறவைகளைப் பற்றித்தான் பேச்சே இல்லை. நம் மாவட்டத்துச் சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் குளங்கள் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. மணக்குடி பொழிமுகமும் (ஆறு கடலில் சேரும் இடம்) புத்தளம் உப்பளமும் கடலை ஒட்டியே கிடக்கின்றன. கூடு கட்டும் இடங்களுக்கு யார் பொறுப்பு?

குளச்சல் ரிக்காரன்:
அண்ணாச்சி, வளைகுடாவில் பன்னிரண்டு வருடம் ரிக்கில், அதாவது எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையில், வேலை பார்த்தவன் நான். கிணறு ஆழ்கடலில், குளம் ஊருக்குள். நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. அப்புறம், தேரூருக்கு வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் இங்கே முட்டையிடுவதே இல்லை. வலசை வந்து, தின்றுவிட்டுப் போகிறவை.

தேரூர்க்காரன்:
வாத்து விஷயம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீளவால் இலைக்கோழி? மிதக்கும் இலை தழை மேலேயே நாலு முட்டை இடும். பெட்டை இட்டுவிட்டு அடுத்த சேவலைத் தேடிப் போய்விடும், அடைகாப்பதெல்லாம் சேவல்தான். உப்பள வரப்பில் நெடுங்கால் உள்ளான் வெறும் தரையில் முட்டையிடும்.

அந்த வாத்துகள் கூடு கட்டுவது சைபீரியாப் பக்கம். மேற்கு சைபீரியச் சதுப்புநிலம்தான் ரஷ்யாவின் பெரிய எண்ணெய் வயலும். 2022-க்குப் பிறகு நாம் வாங்கிக் குவிப்பது ரஷ்ய எண்ணெய். வாத்து அங்கேயும் மாட்டுகிறது, இங்கேயும் மாட்டப்போகிறது.

குளச்சல் ரிக்காரன்:
அப்படியென்றால் இங்கே எடுத்தால் அங்கே வாங்குவது குறையுமே! உங்கள் வாதம் என் பக்கம்தான் பேசுகிறது.

தோவாளைப் பூ:
😄 அண்ணாச்சி மாட்டிக்கொண்டார்.

மணக்குடி மருமகள்:
ஆழ்கடல் தூரம் என்று சொல்லாதீர்கள். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய கப்பலின் பிளாஸ்டிக் குருணை நம் கடப்புறம் வரை வந்து ஒதுங்கியது. குனிந்து பொறுக்கியவர்களைக் கேளுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்கள் கறுத்துப்போய் நின்றன. எண்ணெய் பட்ட இறகில் தண்ணீர் ஊறும், உடம்பில் குளிர் ஏறும். பறவை அலகால் கோதிக் கோதி அந்த எண்ணெயையே விழுங்கும். அடைகாக்கும் வயிற்று இறகில் ஒட்டியிருந்தால், முட்டை ஓட்டில் பட்டு உள்ளே கரு செத்துப்போகும். எங்கள் பொழியை மணல் அடைத்துக் கிடக்கும் மாதங்களில் உள்ளே வந்தது வெளியே போகாது.

குளச்சல் ரிக்காரன்:
கொச்சியில் மூழ்கியது சரக்குக் கப்பல். எண்ணூரில் எண்ணெய் வந்தது தொழிற்சாலைப் பக்கமிருந்து. இரண்டும் கிணறு இல்லை. நாலுவழிச் சாலைக்காக நம் குளங்களில் மண்ணைக் கொட்டினார்களே, அது எந்த ரிக்? அன்றைக்கு எத்தனை பேர் போய் நின்றீர்கள்?

தேரூர்க்காரன்:
குத்தல்தான், ஆனாலும் உண்மை. நான் போகவில்லை. அதற்காக இன்றைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? காவிரி டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு கூடாது என்று 2020-இல் சட்டம் போட்டார்கள். குமரி அதற்குள் வராது. நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மீனை மட்டும் கணக்கெடுத்துவிட்டு அனுமதி கொடுக்கக் கூடாது. பொழியிலும் உப்பளத்திலும் கூடுகளையும் எண்ண வேண்டும்.

குளச்சல் ரிக்காரன்:
எண்ணட்டும், நான் தடுக்கவில்லை. ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். எரிவாயு கிடைத்தால் குழாய் எங்கேயாவது கரையேறியே ஆக வேண்டும். கிணறு எங்கே என்று கேட்பதை விடுங்கள், குழாய் எந்த ஊரில் ஏறும் என்று கேளுங்கள். அந்த வரைபடத்தை இதுவரை நீங்கள் யாராவது கேட்டீர்களா?

மணக்குடி மருமகள்:
இல்லை. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிறோம். நீங்களும் வருகிறீர்களா அண்ணே?